கம்பியில்லாத சால்டரிங் அயர்ன் யாருக்கு லாபம்?

மேசை முன் அமர்ந்து, கைக்கெட்டும் தூரத்தில் பிளக் பாயின்ட் வைத்துக்கொண்டு சால்டரிங் (ஈயத்தை உருக்கி வயரையோ பாகத்தையோ ஒட்டும் வேலை) செய்பவருக்குக் கம்பியில்லாத அயர்ன் தண்டச்செலவு. கூரை மேலும் வண்டிக்கு அடியிலும் பந்தல் மூலையிலும் வேலை பார்ப்பவருக்கு அது காசுக்குக் கேடில்லாத பொருள். பதில் இவ்வளவுதான் என்றாலும், 'கம்பியில்லாதது' என்ற ஒரே பெயரில் கடையில் நான்கு வெவ்வேறு கருவிகள் விற்கின்றன: ஏஏ பேட்டரி போடும் பேனா, உள்ளேயே லித்தியம் செல் வைத்த பேனா, கேஸ் நிரப்பும் அயர்ன், பவர் பேங்கிலோ டிரில் பேட்டரியிலோ செருகிக்கொள்ளும் டிசி அயர்ன். முதல் இரண்டில் ஒன்றை வாங்கி ஏமாந்தவர்கள் மற்ற இரண்டையும் சேர்த்தே திட்டுகிறார்கள். நான்காவதில் ஒரு சிறு வயர் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. அந்த வயர்தான் அதைக் காப்பாற்றுகிறது.

விளம்பர அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது வெப்பநிலை: 400 டிகிரி, 450 டிகிரி, 480 டிகிரி. வாங்குபவரும் அதையே பார்க்கிறார். ஆனால் வெப்பநிலை ஒரு பிரச்சினையே அல்ல. நம் ஊரில் புழங்கும் 63/37 ஈயக்கம்பி (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம்) 183 டிகிரியில் உருகிவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலையில் மின்னணுப் பொருள்களில் காரீயத்துக்குத் தடை போட்ட பிறகு, டிவி, மொபைல் போர்டுகளில் வரும் காரீயமில்லாத கலவைக்கு 217 டிகிரிக்கு மேல் வேண்டும். ஒரு சிகரெட் லைட்டர்கூட அந்த வெப்பநிலையை எளிதாகத் தாண்டும். கேள்வி, பிட்டை, அதாவது அயர்னின் சூடான முனையை, பொருளின் மேல் வைத்த பிறகு எவ்வளவு வெப்பம், எவ்வளவு வேகத்தில் பொருளுக்குள் இறங்குகிறது என்பதுதான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால் விளங்கும். வெப்பத்தை அளக்கும் அலகு ஜூல்; விநாடிக்கு ஒரு ஜூல் என்றால் ஒரு வாட். எல்இடி விளக்கின் கால் ஒன்று மிகச் சன்னமானது. அறையின் சூட்டிலிருந்து 230 டிகிரிக்கு அதை ஏற்ற இரண்டு ஜூல்கூட ஆகாது. இப்போது வீட்டு வயரிங்கில் போடும் 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) செம்பு வயர் இரண்டை முறுக்கி, மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்கு ஈயம் வைக்க நினைக்கிறோம் என்று கொள்வோம். அந்தச் செம்பின் எடை 1.3 கிராமுக்குச் சற்று மேல். அதைச் சூடாக்க ஏறத்தாழ 100 ஜூல் வேண்டும். 50 வாட் அயர்ன் இதை இரண்டு மூன்று விநாடியில் கொடுத்துவிடும். 6 வாட் பேனா, ஒரு துளி வெப்பம்கூட வீணாகாமல் கொடுத்தாலும் 17 விநாடி ஆகும். வீணாகாமல் கொடுக்க அதனால் முடியாது. தன் பிட்டைக் காற்றில் 350 டிகிரியில் பிடித்து வைத்திருக்கவே அந்த 6 வாட்டில் பெரும்பங்கு போய்விடுகிறது. செம்போ வெப்பத்தை வாங்கி வயரின் மறுமுனைக்கு ஓட்டிவிடும். ஆகவே 17 விநாடி அல்ல, ஐந்து நிமிடம் பிடித்தாலும் ஈயம் ஒட்டாது. இன்சுலேஷன்தான் இளகும்.

அப்படியானால் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண 25 வாட் அயர்ன் எப்படி இத்தனை ஆண்டுகளாகத் தமிழ்நாட்டு ரேடியோக்களையும் டிவிக்களையும் காப்பாற்றியது? அதன் தடித்த செம்பு பிட்தான் காரணம். பத்துப் பன்னிரண்டு கிராம் செம்பு, சூடேற ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டு, வெப்பத்தைத் தன்னுள் தேக்கி வைத்திருக்கிறது. 50 டிகிரி இறங்கும்போது கிட்டத்தட்ட 200 ஜூலை ஒரே மூச்சில் கொட்டும். அடுத்த ஜாயின்டுக்கு மறுபடி நிரம்பக் கொஞ்ச நேரம் வேண்டும், அவ்வளவுதான். இந்தக் கருவி மெதுவானது. ஆனால் முரட்டுத்தனமாக நம்பத்தக்கது. கம்பியில்லாத பேனா தயாரிப்பவருக்கு இந்தத் தேக்கம் கட்டுப்படியாகாது. பன்னிரண்டு கிராம் செம்பைச் சூடாக்கவே பேட்டரியில் கணிசமான பங்கு கரைந்துவிடும் என்பதால் பிட்டைக் குச்சியாக்கிவிடுகிறார். தேக்கமும் இல்லை, வேகமும் இல்லை என்ற நிலை அங்கேதான் வருகிறது.

பேட்டரி அயர்ன் நேற்று வந்ததல்ல. முடிவெட்டும் இயந்திரத்துக்குப் பெயர்போன அமெரிக்க நிறுவனம் வால் (Wahl), 1970களில் ஐசோ-டிப் என்ற பெயரில் நிக்கல்-காட்மியம் பேட்டரி வைத்த அயர்னை விற்றது. பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும் வரை மட்டும் சூடு, விட்டால் ஆறிவிடும். பேட்டரியை மிச்சப்படுத்த அதைவிட நேர்மையான வழி அன்று இல்லை. சில நிமிட வேலைக்கு அது பொருத்தமான கருவியாகவே இருந்தது.

நேர்மையில்லாத வழி 2000களில் வந்தது. கோல்ட்ஹீட் என்ற கருவி அமெரிக்கத் தொலைக்காட்சி விளம்பரங்களில் சுமார் 20 டாலருக்குக் கூவிக் கூவி விற்கப்பட்டது. நான்கு ஏஏ பேட்டரி. நொடியில் சூடாகும், நொடியில் ஆறும், தொட்டுப் பார்க்கலாம் என்றார்கள். அதன் முனையை உற்றுப் பார்த்தால் சூட்சுமம் தெரியும். கிராஃபைட் போன்ற ஒரு பொருளால் ஆன முனை நடுவே இரண்டாகப் பிளந்து, இடையே மெல்லிய தடுப்பு வைக்கப்பட்டிருக்கும். இரண்டு பாதிகளையும் உலோகம் ஒன்று சேர்த்துத் தொட்டால்தான் மின்னோட்டம் பாயும். அந்த மின்னோட்டம் தொடுமிடத்தைச் சூடாக்கும். அதாவது நீங்கள் பற்றவைக்கும் ஐசியின் (மின்னணுச் சில்லின்) கால் வழியாகவே மின்னோட்டம் ஓடுகிறது. தொடும்போதும் எடுக்கும்போதும் பொறி பறக்கும். முனை அழுத்தம் தாங்காமல் ஒடியும். ஈயக்கம்பியைத் தொட்டால் கம்பி உருகுகிறது. பொருள் சூடாகாததால் ஈயம் மேலே உருண்டையாக நிற்கிறது. மெக்கானிக் டிரை சால்டர் என்று சொல்லும் குறையை வேலை தொடங்கும்போதே விலை கொடுத்து வாங்கியதுபோல. தடித்த வயர்களை மட்டும் இணைப்பவர்கள் சிலர் அதைப் பாராட்டினார்கள். மற்றவர்களுக்கு, 'கம்பியில்லாதது என்றாலே விளையாட்டுச் சாமான்' என்ற எண்ணம் அப்போது படிந்ததுதான், இன்னும் போகவில்லை.

இன்று இணையச் சந்தையில் குவிந்து கிடக்கும், உள்ளேயே சார்ஜ் ஏறும் லித்தியம் பேனாக்கள் கோல்ட்ஹீட் அளவுக்கு மோசமல்ல. உள்ளே ஒழுங்கான சூடேற்றி இருக்கிறது, சிலவற்றில் வெப்பநிலைக் கட்டுப்பாடும் உண்டு. ஆனால் அட்டையில் போட்டிருக்கும் வாட் கணக்கை நம்பக் கூடாது. 5 வோல்ட், 2 ஆம்பியர் யுஎஸ்பியில் ஓடுவதாகச் சொல்லிவிட்டு '60 வாட்' என்று போட்டிருந்தால், ஐந்தை இரண்டால் பெருக்கத் தெரிந்த பள்ளிப் பிள்ளைகூடச் சிரிக்கும். உள்ளே ஒரே ஒரு செல் இருக்கும் பேனாவையும் இப்படியே சோதிக்கலாம். நல்ல 18650 செல் (டார்ச், பழைய லேப்டாப் பேட்டரிகளில் வரும் உருளை வடிவ லித்தியம் செல்) ஒன்றில் இருப்பது சுமார் 10 வாட்-மணி. 30 வாட் இழுத்தால் எட்டு ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். ஓடினாலும் இருபது நிமிடத்தில் தீர்ந்துவிடும். 8 வாட் இழுத்தால் ஒரு மணி நேரம் வரும். ஆனால் மேலே பார்த்த 2.5 ஸ்கொயர் வயர் அசையாது. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும்.

இன்னொன்றும் உண்டு. லித்தியம் செல்லுக்கு 60 டிகிரிக்கு மேல் போவது ஆகாது. 350 டிகிரி முனையிலிருந்து சில அங்குலம் தள்ளி, கைப்பிடிக்குள் அதை வைக்கிறார்கள். மே மாதத்துச் சூட்டில், நெடுநேரம் பிடித்து வேலை செய்யும்போது, செல்லின் ஆயுள் என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டும். பெரும்பாலான பேனாக்களில் செல்லைக் கழற்றி மாற்றவும் வழியில்லை. செல் செத்தால் கருவியும் செத்தது. ஹெட்போன் வயர், பொம்மை, ரிமோட், சன்னமான எல்இடி பட்டை ஆகியவற்றுக்கு மேல் எதற்கும் இவற்றைச் சிபாரிசு செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஏஏ பேட்டரி வகைகளில் ஹாக்கோ, வெல்லர் போன்ற நல்ல நிறுவனங்களின் தயாரிப்புகளும் இருக்கின்றன. அவர்கள் 6 வாட் என்று உள்ளதை உள்ளபடி எழுதுகிறார்கள். மரியாதை உண்டு, சக்தி இல்லை.

கேஸ் அயர்ன் வேறு ஜாதி. அயர்லாந்தின் கார்லோ நகரத்திலிருந்து 1980களில் வந்த போர்ட்டாசால் இந்த வகையை உலகெங்கும் பரப்பியது. லைட்டரில் அடைக்கும் அதே பியூட்டேன்தான் எரிபொருள். பற்றவைத்ததும் சில விநாடி தீ எரிந்து, பிறகு அணைந்துவிடும். உள்ளே பிளாட்டினம் பூசிய வலை, தீச்சுடர் இல்லாமலே கேஸை எரித்துச் செக்கச்சிவந்து நிற்கும். ஒரு கிராம் பியூட்டேனில் உள்ள ஆற்றல் ஏறத்தாழ 45 கிலோஜூல். ஐம்பது கிராம் எடையுள்ள 18650 செல் முழுவதிலும் இருப்பதே 36 கிலோஜூல்தான். ஐந்தாறு கிராம் கேஸ் பிடிக்கும் சிறிய அயர்னே அரை டஜன் செல்லைத் தூக்கிக்கொண்டு திரிவதற்குச் சமம். அதில் பாதிக்கு மேல் புகையோடு வீணாகப் போனாலும் மிச்சம் தாராளமாகவே இருக்கும். கேஸ் தீர்ந்தால் சார்ஜ் ஏறக் காத்திருக்க வேண்டியதில்லை; டப்பாவைக் கவிழ்த்து அழுத்தினால் அரை நிமிடத்தில் நிரம்பும். வருடக்கணக்கில் டூல் பாக்ஸில் கிடந்து எடுத்தாலும் பெரும்பாலும் வேலை செய்யும். பேட்டரிக்கு அந்தப் பொறுமை கிடையாது.

திருவிழாவில் மைக் செட் போடுபவரை நினைத்துக்கொள்ளுங்கள். கச்சேரி தொடங்க அரை மணி இருக்கிறது. யாரோ வயரை மிதித்து இழுத்ததில் ஜாக்கின் உள்கால் விட்டுவிட்டது. மேடைக்குப் பின்னால் இருட்டு. ஜெனரேட்டரிலிருந்து இங்கே வரும் ஒரே எக்ஸ்டென்ஷனிலும் இடமில்லை. அந்த நேரத்தில் கேஸ் அயர்ன் அவருக்குக் குலதெய்வம். பிட்டைக் கழற்றிவிட்டால் அதே கருவியின் சூடான காற்று, ஒட்டிய இடத்தை மூடும் ஸ்லீவைச் சுருக்கவும் உதவும்.

ஆனால் அதற்கும் குறைகள் உண்டு, அவை சிறியவையல்ல. வெப்பநிலையைச் சொல்லும் எண் எங்கும் கிடையாது. வால்வைத் திருகிக் குத்துமதிப்பாகப் பிடிக்க வேண்டும். நுண்ணிய ஐசி வேலைக்கு அது ஆகாது. எரிந்த சூடான வாயு பக்கவாட்டுத் துளை வழியாக வெளியேறும். வயர் கற்றைக்குள் நுழைத்து ஒரு வயருக்கு ஈயம் வைக்கும்போது, பக்கத்து வயரின் இன்சுலேஷன் இளகி வழிவதைக் கவனிக்காமல் விட்டவர்கள் ஏராளம். கார் டேஷ்போர்டுக்குள் இது அடிக்கடி நடக்கும் விபத்து. காற்று அடித்தால் பற்றவைப்பதே போராட்டம். பியூட்டேனின் கொதிநிலை கிட்டத்தட்ட பூஜ்யம் டிகிரி என்பதால், உதகையில் டிசம்பர் உறைபனிக் காலையில் அது டப்பாவை விட்டு வெளியே வர மறுக்கும். எதிர்ப்பக்கமாக, சித்திரை வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் கேஸ் டப்பாவை விட்டுவிட்டுப் போவது வீண் வம்பு. பெட்ரோல் வாடையோ தின்னர் வாடையோ இருக்கும் இடத்தில் நினைத்தும் பார்க்கக் கூடாது. கேஸ் நிரப்பிய அயர்னை விமானத்தில் கொண்டுபோகவும் முடியாது. மலிவான லைட்டர் கேஸில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கு மெல்லிய துளையை அடைத்துவிடும். சுத்தம் செய்ய முயன்று பலர் அதை ஒரேயடியாகக் கெடுத்துவிடுகிறார்கள். நல்ல கேஸ் வாங்கிப் போடுவது செலவல்ல.

எது வந்து நிலைமையை மாற்றியது என்றால், பேட்டரி அல்ல, பிட். பழைய அயர்னில் சூடேற்றும் சுருள் ஒரு இடத்தில், செம்பு பிட் இன்னொரு இடத்தில். இரண்டுக்கும் நடுவே காற்று இடைவெளி. ஜப்பானின் ஹாக்கோ நிறுவனத்தின் டி12 போன்ற பிட்களில் சுருளும் வெப்பம் அளக்கும் உணரியும் முனைக்குள்ளேயே, ஒரே குழலில் அடைக்கப்பட்டிருக்கும். முனை இரண்டு டிகிரி இறங்கினால் உணரி உடனே அறியும். சுருள் அங்கேயே வெப்பத்தைக் கொட்டும். செம்பில் வெப்பத்தைத் தேக்கி வைக்க வேண்டிய தேவையே இல்லை. பிட் சிறிதாக இருக்கலாம், பத்துப் பதினைந்து விநாடியில் சூடாகலாம். பேட்டரிக்கு ஏற்ற குணம் இதுதான். ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டிய அயர்னை நாள் முழுக்க எரியவிடுவோம். பத்து விநாடியில் எழுந்திருப்பதை, ஜாயின்டுக்கு ஜாயின்ட் தூங்க வைக்கலாம்.

இந்தத் தொழில்நுட்பத்தைத் தொழிற்சாலை மேசையிலிருந்து சட்டைப் பைக்குக் கொண்டுவந்தது மினிவேர் என்ற சீன நிறுவனத்தின் டிஎஸ்100. 2010களின் பிற்பகுதியில் வந்தது. ஒரு தடித்த பேனா. வாலில் 12 முதல் 24 வோல்ட் வரை எதையும் ஏற்கும் துளை. உள்ளே கணினி, சிறிய திரை, அசைவை உணரும் சில்லு. கீழே வைத்து அசைக்காமல் விட்டால் தானாகச் சூட்டைக் குறைத்துக்கொள்ளும், கையில் எடுத்தால் விழித்துக்கொள்ளும். ரேஸ் டிரோன் ஓட்டுபவர்கள்தான் இதை முதலில் கொண்டாடினார்கள். மைதானத்தில் டிரோன் விழுந்து வயர் அறுந்தால், டிரோனின் பேட்டரியையே அயர்னில் செருகி அங்கேயே ஒட்டினார்கள். பிறகு 2020இல் பைன்64 என்ற நிறுவனம் பைன்சிலைக் கொண்டுவந்தது. அதே டிஎஸ்100 பிட்தான், கூடவே யுஎஸ்பி-சி, விலை 25 டாலர் அளவில். அயர்ன்ஓஎஸ் என்ற திறந்த மூல மென்பொருள் அதில் ஓடுகிறது. 2022இல் இரண்டாம் பதிப்பு வந்தது. விலையையும் வேலையையும் சேர்த்துப் பார்த்தால் இன்றும் இதற்கு நிகராக ஒன்றைக் காட்டுவது கடினம் என்பேன்.

இங்கேதான் பெரும்பாலானோர் வழுக்கி விழுகிறார்கள். அயர்ன் '65 வாட்' என்று அட்டையில் போட்டிருக்கும். வீட்டிலிருக்கும் பவர் பேங்கில் செருகுகிறார்கள். பேனா சோம்பலாகச் சூடாகிறது, தடித்த வயரில் திணறுகிறது. கருவி மோசம் என்று முடிவு கட்டுகிறார்கள். உண்மையில் கருவி தன்பாட்டில் எத்தனை வாட் என்று தீர்மானிப்பதில்லை. அந்தப் பிட்டின் மின்தடை சுமார் 8 ஓம். வோல்டேஜை வோல்டேஜால் பெருக்கி எட்டால் வகுத்தால் வருவதுதான் வாட். 9 வோல்டுக்கு 10 வாட். 12 வோல்டுக்கு 18 வாட். 20 வோல்டுக்கு 50 வாட். 24 வோல்டுக்கு 72 வாட். வோல்டேஜ் இரட்டித்தால் சூடு நான்கு மடங்காகிறது, பாதியானால் கால்வாசியாகிறது.

ஆகவே பவர் பேங்கின் முதுகில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படிக்க வேண்டும். முன்பக்கத்தில் '22.5 வாட் அதிவேக சார்ஜிங்' என்று பளபளப்பாக இருக்கும். முதுகில் 5, 9, 12 வோல்ட் என்று மட்டும் இருந்தால், அது மொபைலுக்கு வேகம், அயர்னுக்கு நொண்டி. தேட வேண்டியது 20 வோல்ட் என்ற எண்ணை. பக்கத்தில் 3 அல்லது 3.25 ஆம்பியர் இருக்க வேண்டும். 45 வாட் பவர் பேங்கில் 20 வோல்ட் இருந்தாலும் ஆம்பியர் 2.25தான். 8 ஓம் பிட்டுக்கு 2.5 வேண்டும் என்பதால், பைன்சில் போன்ற அயர்ன் அதை விட்டுவிட்டு 15 வோல்டுக்கு இறங்கிக்கொள்ளும். அப்போது கிடைப்பது 28 வாட். சிலவற்றில் ஒரே ஒரு துளைதான் முழுச் சக்தி தரும். இரண்டு துளையிலும் செருகினால் அதுவும் பாதியாகும். லேப்டாப்புக்கு ஏற்றது என்று 65 வாட்டில் விற்கும் பவர் பேங்க் இருந்தால் கவலையில்லை.

நேரக் கணக்கு தெம்பளிப்பது. 20,000 எம்ஏஎச் பவர் பேங்கில் உள்ளது 74 வாட்-மணி. மாற்றத்தில் இழப்பது போக 60 தேறும். அயர்ன் சும்மா சூடாக நிற்கும்போது 10 வாட்டுக்குள்தான் இழுக்கும். ஈயம் வைக்கும் சில விநாடிக்கு மட்டும் எகிறும். சராசரி 15, 20 வாட் என்று வைத்தாலும் மூன்று மணி நேர வேலை. கூரை மேல் மூன்று மணி நேரம் தொடர்ந்து சால்டரிங் செய்பவரை நான் இன்னும் பார்க்கவில்லை. ஒரு தொந்தரவைச் சொல்லியாக வேண்டும்: அயர்ன் தூங்கும்போது மின்னோட்டம் மிகக் குறைவதால், மொபைல் நிரம்பிவிட்டது என்று எண்ணிப் பவர் பேங்க் தானும் அணைந்துவிடும். அயர்ன்ஓஎஸ்ஸில் அவ்வப்போது சிறு துடிப்பு அனுப்பி அதை விழித்திருக்கச் செய்யும் அமைப்பு இருக்கிறது; தேடி முடுக்கிவிட வேண்டும். வயரும் முக்கியம். சாதாரண சார்ஜிங் வயர் விறைப்பாக நின்று கையைத் திருப்பும். சூடான பிட் பட்டால் உருகும். சிலிக்கான் உறை போட்ட வயர் தளர்ந்து தொங்கும், பட்டாலும் உருகாது. கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் இதைவிட உருப்படியானது வேறில்லை.

பவர் பேங்க் சட்டைப் பையிலோ இடுப்பிலோ, பேனா கையில், நடுவே ஒன்றரை மீட்டர் மெல்லிய வயர். சுவரோடு கட்டிப்போடும் வயர் வேறு, நம்மோடு நடந்து வரும் வயர் வேறு. கைப்பிடிக்குள் பேட்டரி இல்லாததால் பேனா எடை குறைவு. பிடி முனைக்கு அருகே இருப்பதால் கை நடுங்காது. பேட்டரி சூட்டுக்குப் பக்கத்தில் இல்லை. பழசானால் பேட்டரியை மட்டும் மாற்றலாம். முழுக்கக் கம்பியில்லாத பேனாவால் முடியாத நான்கும் இங்கே முடிகிறது. பழுதுபார்க்கும் வழிகாட்டிகளுக்குப் பெயர்பெற்ற ஐஃபிக்ஸிட் 2024இல் தன் அயர்னைக் கொண்டுவந்தபோது, அதுவும் பேட்டரியைக் கைப்பிடிக்குள் திணிக்காமல் 55 வாட்-மணி பெட்டியாகத் தனியே வைத்து யுஎஸ்பி-சி வயரால் இணைத்தது. 100 வாட் கருவி, பெட்டியோடு அப்போது 250 டாலர். நல்ல பொருள், நம் சம்பளத்துக்கு அதிகம்.

டிரில் பேட்டரி வழி இன்னொன்று. மில்வாக்கி தன் 12 வோல்ட் பேட்டரிக்கு 90 வாட் அயர்ன் விற்கிறது. ரியோபியும் 18 வோல்டுக்கு வைத்திருக்கிறது. அமெரிக்க எலக்ட்ரீஷியன்களிடம் இவை பிரபலம். அந்தப் பேட்டரிகள் ஏற்கெனவே கையில் இருந்தால் வாங்கலாம். இல்லாதவர் பேட்டரி, சார்ஜர், அயர்ன் என்று மூன்றையும் வாங்கி நுழைவது வேண்டாத வேலை. நம் ஊர் இன்டீரியர், எலக்ட்ரிகல் ஆட்களிடம் மகிட்டா, பாஷ் 18 வோல்ட் பேட்டரிகள் சாதாரணமாகக் கிடக்கின்றன. அந்தப் பேட்டரியின் தலையில் செருகினால் இரண்டு வயரை நீட்டும் அடாப்டர் மலிவாகவே கிடைக்கும். அதில் டிஎஸ்100 வகைப் பேனாவை இணைத்தால், 18 வோல்டில் 40 வாட், முழு சார்ஜில் 50 வாட்டுக்கு மேல். 5 ஆம்பியர்-மணி பேட்டரியில் 90 வாட்-மணி இருக்கிறது. ஒரே ஆபத்து: பெரும்பாலான அடாப்டர்கள் வெறும் தகடுதான், பேட்டரி காலியாவதைக் கவனிக்காது. ஒரேயடியாக வற்றவிட்டால் விலையுயர்ந்த பேட்டரி பாழ். அயர்ன்ஓஎஸ்ஸில் '5எஸ்' (தொடராக ஐந்து செல் கொண்ட பேட்டரி) என்று அமைத்துவிட்டால் குறைந்த வோல்டேஜில் அயர்னே நிறுத்திக்கொள்ளும்.

பேட்டரி அயர்னின் இன்னொரு பலனை விற்பவர்கள் சொல்வதே இல்லை. பழைய இரண்டு முள் அயர்னின் பிட்டில் டெஸ்டரை வைத்தால் பல நேரம் மங்கலாக எரியும். சுருளுக்கும் குழலுக்கும் இடையே உள்ள கசிவு அது. அதனால்தான் பழைய மெக்கானிக்குகள் மென்மையான ஐசியின் காலைத் தொடுமுன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிட் ஆறுவதற்குள் வேலையை முடிப்பார்கள். யுஎஸ்பி-சி அயர்னை இரண்டு முள் சார்ஜரில் ஓட்டினாலும் இதே கதைதான். எர்த் இல்லாத சார்ஜரின் உள்ளே இருக்கும் சிறு கெப்பாசிட்டர் வழியே, பிட்டில் 230இல் பாதி வோல்டேஜ் மிதந்து நிற்கும். உலோக உடல் லேப்டாப்பைத் தடவும்போது ஏற்படும் குறுகுறுப்பு இதனால்தான். மனிதனுக்கு அது ஒன்றும் செய்யாத அளவு. மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டரின் மென்மையான 'கேட்' முனையைக் கெடுக்கவோ அது போதுமானது. பவர் பேங்கில் ஓட்டும்போது மெயின் லைனோடு தொடர்பே இல்லை, கசிவும் இல்லை. மேசையில் அமர்ந்து மொபைல் போர்டு பார்ப்பவர்கூட இந்த ஒரு காரணத்துக்காகப் பவர் பேங்கைப் பயன்படுத்தினால் நான் தப்பு சொல்ல மாட்டேன். உடலில் சேரும் நிலைமின்சாரம் வேறு விஷயம். மணிக்கட்டுப் பட்டை அதற்கு அப்போதும் வேண்டும்.

வாங்கியும் பயனில்லாத இடங்கள் உண்டு. இன்வெர்ட்டர் போர்டின் அகன்ற செம்புப் பட்டை, ஆம்ப்ளிஃபயர் சேஸிஸில் எர்த் ஒட்டுவது, 6 ஸ்கொயருக்கு மேற்பட்ட வயர் எல்லாவற்றுக்கும் 50 வாட் பேனா தடுமாறும். பிட்டின் மெல்லிய கழுத்து வழியே அவ்வளவு வெப்பம் இறங்காது. அங்கே பழைய 75, 100 வாட் தடியன்தான் ராஜா. வண்டி வயரிங்கில் அயர்னே வேண்டாம் என்று சொல்லும் இடங்களும் இருக்கின்றன. ஈயம் இழைகளுக்கு நடுவே ஏறி வயரை விறைக்கச் செய்துவிடும். விறைத்த பகுதி முடியும் இடத்தில், அதிர்வில் ஆடி ஆடி வயர் ஒடியும். வாகனத் தொழிற்சாலைகள் வயர் முனைகளைக் கிரிம்ப் செய்வது (ஈயமில்லாமல் உலோக முனையை வயரின் மேல் நசுக்கிப் பிடிக்க வைப்பது) இதனால்தான். சோலார் பேனல் கனெக்டர்களும் அப்படியே. நல்ல கிரிம்பிங் பிளையர் வாங்க வேண்டிய பணத்தைக் கம்பியில்லாத அயர்னில் போட்டுவிட்டு, வண்டி பாதி வழியில் நிற்கும்போது அயர்னைக் குறை சொல்வதில் பயனில்லை.

வாங்கத் தீர்மானித்தவர், சென்னை ரிச்சி தெருவிலானாலும் இணையத்திலானாலும், பேனாவின் விலையைக் கேட்குமுன் அதற்குரிய மாற்று பிட் தனியே கிடைக்கிறதா, என்ன விலை என்று கேட்க வேண்டும். சுருளும் உணரியும் பிட்டுக்குள்ளேயே இருப்பதால், பிட் போனால் பாதிக் கருவி போனதற்குச் சமம். கூர்முனை பிட்தான் பெரும்பாலும் கூடவே வரும். அது படத்துக்கு அழகு, வேலைக்கு உதவாது. சாய்வாக வெட்டிய முனையோ உளி முனையோ ஒன்று கூடுதலாக வாங்கினால் அதே 50 வாட் இரண்டு மடங்கு வேலை செய்வதுபோல் தோன்றும், தொடும் பரப்பு கூடுவதால். இந்தப் பிட்களின் செம்புக்கு மேல் மெல்லிய இரும்புப் பூச்சு இருக்கிறது. பழைய செம்பு பிட்டைக் கருத்தவுடன் அரத்தில் ராவிப் பழகிய கை, இதையும் ஒருமுறை ராவிப் பார்க்கும். பூச்சு போனால் உள்ளே இருக்கும் செம்பை ஈயம் சில நாளில் தின்று தீர்த்துவிடும். ஈரப் பஞ்சில் துடைத்து, நுனியில் கொஞ்சம் ஈயம் பூசி வைத்தால் போதும். உதவிக்கு வரும் பையனிடம் புதிய அயர்னைக் கொடுக்குமுன் டூல் பாக்ஸிலிருக்கும் அரத்தை எடுத்து ஒளித்துவைத்துவிடுவது நல்லது.